போட்டியன்று மனம் படும் பாடு

கல்லூரி மாணவர் ஒருவர் உயரம் தாண்டுவதில் தேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மாலைதோறும் பயிற்சியில் 1.75 மீட்டர் உயரத்தை அவர் எளிதாகத் தாண்டிவிடுகிறார். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நாள் வருகிறது. அதே கால்கள்; அதே காலணிகள்; ஓடி வரும் தூரமும் அதேதான். ஆனால் 1.65 மீட்டரிலேயே குறுக்குக் கம்பு மூன்று முறை கீழே விழுந்துவிடுகிறது. முதல் நாள் மாலை இருந்த வலிமை மறுநாள் காலைக்குள் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. தசைகளில் அது அப்படியே இருக்கிறது. அதைச் சரியான நொடியில், சரியான அளவில் செலவிடும் ஏற்பாடுதான் குலைந்துபோயிற்று. அந்த ஏற்பாட்டின் தலைமை நிலையம் மூளை. ஆகவே, ‘உனக்குத் தைரியம் போதாது’ என்று அந்த மாணவரைக் கடிந்துகொள்வதால் பயன் ஒன்றும் இல்லை. அவருடைய உடலிலும் மூளையிலும் என்ன நடந்தது என்று ஆராய்ந்தால் பயன் உண்டு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உளவியல் அறிஞர்கள் அதைத்தான் செய்துவருகிறார்கள். அவர்கள் கண்டறிந்த உண்மைகள் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பொதுத் தேர்வு எழுதப் போகும் உங்களுக்கும், பள்ளி விழா மேடையில் பாடப் போகும் உங்கள் தங்கைக்கும் அவை உதவும்.

பெரியவடகம்பட்டியிலிருந்து ரியோ வரை

சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் 1995ஆம் ஆண்டு பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி, அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அந்தக் கால் அதற்குப் பின் சரியாக வளரவில்லை. அவருடைய தாயார் கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த சிறுவனை உயரம் தாண்டும்படி தூண்டியவர் அங்கிருந்த உடற்பயிற்சி ஆசிரியர். பதினான்கு வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு மாரியப்பன் இரண்டாம் இடம் பெற்றார். பின்னர் சேலம் ஏ.வி.எஸ். கலை அறிவியல் கல்லூரியில் வணிக நிர்வாகவியல் படித்தார். 2013இல் தேசியப் போட்டியில் அவரைக் கண்ட பயிற்சியாளர் சத்தியநாராயணா, 2015இல் பெங்களூருவுக்கு அழைத்துச் சென்று பயிற்சி அளித்தார். 2016 செப்டம்பரில், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார்.

நம் கட்டுரைக்கு உயரம் தாண்டுதல் மிகப் பொருத்தமான விளையாட்டு. 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி வெடித்தபின் சிந்திக்க நேரம் இல்லை. உயரம் தாண்டுபவரோ ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் தாண்டுவது கண்ணில் படும். கூட்டத்தின் ஆரவாரம் காதில் விழும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும் என்பது விதி. ஒருவர் வெற்றி பெற்ற பின்னரும் கம்பை இன்னும் உயர்த்திப் பார்ப்பார்; ஆகவே வென்றவருடைய கடைசி முயற்சியும் பெரும்பாலும் தோல்வியாகவே முடியும். தசைக்கு வைக்கும் சோதனை பாதி, மனத்துக்கு வைக்கும் சோதனை பாதி என்று இந்த விளையாட்டைச் சொல்லலாம்.

உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அத்தகைய மலைக்காட்டில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, நம் முன்னோர் ஒருவர் தனியே நடந்து செல்கிறார். புதருக்குள் சிறுத்தையின் உறுமல் கேட்கிறது. அவருக்கு இரண்டே வழிகள்: எதிர்த்துப் போரிட வேண்டும், அல்லது தப்பி ஓட வேண்டும். எதைச் செய்வதானாலும் தசைகளுக்கு உடனே நிறைய இரத்தமும் எரிபொருளும் தேவை.

அதற்கான ஏற்பாடு நம் உடலில் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி அபாய அறிவிப்பைப் பெறுகிறது. அங்கிருந்து பரிவு நரம்பு மண்டலம் வழியே கட்டளை பறக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது. மூச்சுக் குழல்கள் விரிகின்றன. கல்லீரல் தன்னிடம் சேமித்த சர்க்கரையை வெளியிடுகிறது. கண்மணி விரிகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. உணவு செரிப்பது அப்போதைக்கு அவசரம் இல்லாத வேலை; ஆகவே குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. வயிற்றைக் கலக்குவது போன்ற உணர்வும் வாய் உலர்ந்துபோவதும் இதனால்தான். இந்தப் ‘போராடு அல்லது ஓடு’ ஏற்பாட்டை விளக்கியவர் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன். 1915இல் வெளிவந்த நூலில் அவர் இதை எழுதினார்.

இன்றைய மாணவர் மைதானத்தில் நிற்கும்போது சிறுத்தை எதுவும் இல்லை. இருப்பவை ஒரு கம்பு, ஒரு நடுவர், சில நூறு பார்வையாளர்கள். ஆனாலும் ‘முக்கியமான ஏதோ ஒன்று நடக்கப்போகிறது’ என்று மூளை உணர்ந்தவுடன் அதே பழைய மணியை அடிக்கிறது. போட்டிக்கு முன் நெஞ்சு படபடப்பது கோழைத்தனத்தின் அடையாளம் என்று பலர் நினைத்து வெட்கப்படுகிறார்கள். உண்மையில் அது உடல் வேலைக்குத் தயாராவதன் அடையாளம். உலகப் புகழ் பெற்ற வீரர்களுக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

அளவுக்கு மிஞ்சினால்

அப்படியானால் படபடப்பு எவ்வளவு இருந்தாலும் நல்லதா? 1908இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் சுண்டெலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டி, கருப்புப் பெட்டி என்ற இரண்டில் சரியானதை எலி தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான பெட்டிக்குள் போனால் சிறிய மின் அதிர்ச்சி கிடைக்கும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே வேறுபாடு நன்றாகத் தெரிந்தபோது, அதிர்ச்சியை வலுவாக்க வலுவாக்க எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு தெரியாதபடி வேலையைக் கடினமாக்கியபோது முடிவு மாறியது. மிதமான அதிர்ச்சியில் எலிகள் நன்றாகக் கற்றன. வலுவான அதிர்ச்சியில் தடுமாறின.

வீணையின் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்திருந்தால் நாதம் எழாது. மிகையாக முறுக்கினால் சுருதி கெடும். மனத்தின் முறுக்கமும் அப்படித்தான். எந்த வேலைக்கு எவ்வளவு முறுக்கம் வேண்டும் என்பதும் ஒன்றுபோல் இராது. பளு தூக்குபவருக்குச் சற்று மிகையான வேகம் உதவலாம். துப்பாக்கி சுடுபவருக்கும் அம்பு எய்பவருக்கும் அதே வேகம் கையை நடுங்கச் செய்துவிடும்.

கரப்பான் பூச்சிக்கும் கூச்சம் உண்டா?

பார்வையாளர்கள் இருப்பது ஆட்டத்தை மேம்படுத்துமா, கெடுக்குமா? இந்தக் கேள்வியை முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நார்மன் டிரிப்லெட். சைக்கிள் பந்தய வீரர்கள் தனியே ஓட்டும்போது எடுத்துக்கொள்ளும் நேரத்தை விடப் பிறரோடு போட்டியிடும்போது குறைவான நேரமே எடுத்துக்கொள்வதை அவர் கவனித்தார். பின்னர் 40 சிறுவர் சிறுமியரை மீன்பிடித் தூண்டிலின் கயிற்றுருளையைச் சுற்றச் சொன்னார். முதலில் தனியாக, பிறகு அருகில் ஒருவரைப் போட்டிக்கு நிறுத்தி. 1898இல் அவர் வெளியிட்ட முடிவு இது: பாதிப் பேர் போட்டியில் வேகம் பெற்றார்கள், ஆனால் ஒரு சிலர் பரபரப்பு மிகுதியால் தனியாகச் சுற்றியதை விட மெதுவாகச் சுற்றினார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? ராபர்ட் ஸாயன்ட்ஸ் என்னும் அறிஞர் 1965இல் ஒரு விளக்கம் அளித்தார். பிறர் பார்க்கும்போது நன்கு பழகிய செயல் மேலும் நன்றாக வரும்; பழகாத, சிக்கலான செயல் மேலும் மோசமாகும் என்றார் அவர். 1969இல் இதைச் சோதிக்க அவரும் உடன் பணியாற்றியவர்களும் தேர்ந்தெடுத்த ‘வீரர்கள்’ கரப்பான் பூச்சிகள்! வெளிச்சம் பட்டால் கரப்பான் பூச்சி இருட்டைத் தேடி ஓடும் அல்லவா? நேரான பாதை ஒன்றும், திரும்பிப் போக வேண்டிய பாதை ஒன்றும் அமைத்தார்கள். பாதையின் ஓரத்தில் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான் பூச்சிகளைப் ‘பார்வையாளர்’களாக வைத்தார்கள். பார்வையாளர் இருந்தபோது நேர் பாதையில் பூச்சிகள் விரைவாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில் தாமதமாயின.

இதில் விளையாட்டு மாணவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அரைகுறையாகப் பழகிய புதிய உத்தியைப் போட்டியன்று முதன்முதலாக முயலக் கூடாது. கூட்டம் நிறைந்த மைதானத்தில் கைகொடுப்பது ஆழமாகப் பழகிய அசைவுதான்.

கோலம் போடும் கை

ஆனால் ஒரு புதிர் மிஞ்சுகிறது. ஆழமாகப் பழகிய செயலும் சில நேரங்களில் போட்டியன்று கெட்டுப்போகிறதே! முதலில் பார்த்த மாணவருக்கு 1.65 மீட்டர் பழகாத உயரம் இல்லையே?

இதற்கு விடை காண ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளில் உங்கள் கையெழுத்தை எப்போதும் போலப் போடுங்கள். அடுத்து, ஒவ்வொரு வளைவையும் எங்கே தொடங்குகிறோம், எங்கே திருப்புகிறோம் என்று கூர்ந்து கவனித்துக்கொண்டே மறுபடி போடுங்கள். இரண்டாவது கையெழுத்து மெதுவாகவும் கோணலாகவும் வந்திருக்கும். வாசலில் கோலம் போடும் உங்கள் பாட்டியாரையும் கேட்டுப் பாருங்கள். ‘இந்தப் புள்ளிக்கு அடுத்து எந்தப் பக்கம் இழுக்கிறீர்கள்?’ என்று ஒவ்வோர் இழைக்கும் கேட்டால், அத்தனை ஆண்டுகள் பழகிய கையும் சற்றே தயங்கி நிற்கும்.

ஒரு செயலைப் புதிதாகக் கற்கும்போது நாம் ஒவ்வொரு படியையும் எண்ணி எண்ணிச் செய்கிறோம். மூளையின் நெற்றிப் பகுதி அப்போது மிகுதியாக உழைக்கிறது. பல நூறு முறை பழகியபின், சிறுமூளையும் மூளையின் ஆழத்தில் உள்ள சில நரம்பு முடிச்சுகளும் அந்த வேலையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. பிறகு அது தானே நடக்கும். போட்டியன்று ‘தவறிவிடக் கூடாதே’ என்ற கவலை வந்தவுடன், நெற்றிப் பகுதி பழைய மேற்பார்வையாளரைப் போலக் குறுக்கே வந்து ஒவ்வோர் அசைவுக்கும் கட்டளையிடத் தொடங்குகிறது. ஓடிவரும் காலடிகளின் ஒழுங்கு அங்கேதான் குலைகிறது.

நெருக்கடியில் திறமை இப்படி முடங்குவதை 1984இல் ராய் பௌமைஸ்டர் என்ற அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். 2001இல் சியன் பைலாக், தாமஸ் கார் ஆகியோர் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் சோதனை ஒன்றைச் செய்தார்கள். ஒரு குழுவினர் அமைதியாகப் பழகினார்கள். இன்னொரு குழுவினர், தங்களை ஒரு படக்கருவி பதிவு செய்துகொண்டிருக்க, பிறர் பார்க்கப்போகிறார்கள் என்று அறிந்தே பழகினார்கள். கடைசியில் இரு குழுவினருக்கும் நெருக்கடியான சோதனை வைத்தபோது, அமைதியாகப் பழகியவர்கள் தடுமாறினார்கள். பார்வைக்குப் பழகியவர்கள் தடுமாறவில்லை. எந்தச் சூழலில் ஆடப்போகிறோமோ அதற்கு நெருக்கமான சூழலில் பழக வேண்டும் என்பது இதன் பொருள்.

பழகிய அசைவைப் பிரித்து மீண்டும் கோப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் சேலம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன் 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஆடினார். அவருடைய பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் அதன்பின் எழுந்தது. சிறு வயது முதல் தானாகவே வந்துகொண்டிருந்த அசைவை அவர் எண்ணி எண்ணித் திருத்த வேண்டியிருந்தது. திருத்தியதை மறுபடியும் தானே வரும் அளவுக்குப் பழக வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில், வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா சென்றவர், அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் மூன்றிலும் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார்.

கல்லூரி மாணவரின் தனிச் சுமை

முழுநேர விளையாட்டு வீரருக்கு விளையாட்டே தொழில். கல்லூரி வீரருக்கோ இரண்டு தொழில்கள். விடியற்காலையில் மைதானம், பிறகு வகுப்பு, மாலையில் மறுபடியும் மைதானம், இரவில் செய்முறைக் குறிப்பேடு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ரயிலேறும் வாரத்திலேயே பருவத் தேர்வும் வந்து நிற்கலாம். வருகைப் பதிவு குறைந்தால் அதுவும் ஒரு கவலை.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வரும் பல மாணவர்களுக்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த கல்லூரி இடம், நாளை ரயில்வேயிலோ காவல் துறையிலோ கிடைக்கக்கூடிய வேலை, வீட்டில் காத்திருக்கும் தம்பி தங்கையரின் படிப்பு எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கம்பை நோக்கி ஓடும்போது இத்தனையும் கூடவே ஓடிவருகின்றன. மாணவிகளுக்கு இன்னும் சில சுமைகள் உண்டு. உடையைப் பற்றி ஊரார் பேசும் பேச்சு, வெளியூர்ப் பயணத்துக்கு வீட்டில் அனுமதி பெறுவது, மாதவிலக்கு நாளில் போட்டி வந்தால் பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்குவது முதலியவற்றை அவர்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

காயம் பட்டுவிட்டால் மற்றொரு துன்பம். ‘நான் ஓட்டக்காரன்’ என்று மட்டுமே தன்னை அறிந்திருக்கும் மாணவன், ஆறு மாதம் ஓடக் கூடாது என்று மருத்துவர் சொன்னவுடன் ‘அப்படியானால் நான் யார்?’ என்று திகைத்துப்போகிறான். கால் கட்டுக்குள் இருக்கிறது. மனத்துக்கு யார் கட்டுப் போடுவது? இவை உடல் வலிமையால் தீராத சுமைகள். இவற்றை வீரர்களின் குறைபாடாக எண்ணாமல், அவர்கள் செய்யும் வேலையின் ஒரு பகுதியாக எண்ணுவதே முறை.

மனத்துக்கும் பயிற்சி உண்டு

நல்ல செய்தி என்னவென்றால், தசையைப் போலவே மனத்தையும் பழக்கலாம். இதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை.

முதலாவது மூச்சு. மணிக்கட்டில் விரலை வைத்து உங்கள் நாடியைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், வெளியே விடும்போது சற்றுத் தாழ்வதையும் உங்களில் பலர் உணர முடியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு, மூச்சை விடும் நேரத்தில் இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஆகவே நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் படபடப்புத் தணிவதைக் காணலாம். போட்டி நாளில் முதன்முதலாகச் செய்யாமல், தினமும் பழகிவைத்தால்தான் தேவையான நேரத்தில் இது உதவும்.

இரண்டாவது, படபடப்புக்கு நாம் சூட்டும் பெயர். 2014இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன் பாடுவதற்கும், பேசுவதற்கும், கணக்குப் போடுவதற்கும் முன்பு சிலரை ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லச் செய்தார்கள். அமைதியாக இருக்க முயன்றவர்களை விட இவர்கள் நன்றாகச் செய்தார்கள். துடிக்கும் இதயம் ஒன்றுதான். அதைப் பயம் என்று அழைப்பதா, உற்சாகம் என்று அழைப்பதா என்பதில் கொஞ்சம் நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது, மாறாத முன்செயல். கம்பை நோக்கி நிற்பது, ஒரு முறை மூச்சு விடுவது, ஓடும் பாதையை மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது, பிறகு ஓடத் தொடங்குவது என்று ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்ய வேண்டும். ஓர் அசைவை மனக்கண்ணில் காணும்போது, அதை உண்மையில் செய்யும்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் சிலவும் இயங்குகின்றன. மேலும், செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் கவலைக்கு இடம் குறையும்.

நான்காவது, பார்வையை முடிவிலிருந்து செயலுக்குத் திருப்புவது. துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மூன்றாம் இடத்தில் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்று, அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து 2008இல் பெய்ஜிங்கில், கடைசிக் குண்டு மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில் அவரும் பின்லாந்து வீரர் ஒருவரும் சமநிலையில் நின்றார்கள். பிந்த்ரா 10.8 புள்ளி சுட்டார், மற்றவர் 9.7 சுட்டு மூன்றாம் இடத்துக்குப் போனார். அதுவே தனிநபர் போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம். தங்கம் என்பது வெளியில் இருப்பது. அந்த நொடியில் ஒருவர் செய்யக்கூடிய வேலை ஒரே ஒரு குண்டைச் சரியாகச் சுடுவதுதான்.

மழையும் நனைந்த காலுறையும்

நம் கையில் இல்லாதவையும் போட்டியில் உண்டு. 2021இல் டோக்கியோ பாராலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாரியப்பன். ஆனால் அவர் சென்ற விமானத்தில் வந்த ஒருவருக்குக் கொரோனா தொற்று இருந்ததால் அவர் தனிமையில் இருக்க வேண்டியதாயிற்று. கொடியை வேறொருவர் ஏந்தினார். போட்டி நாளில் மழை பெய்தது. குறைபட்ட காலில் அணிந்திருந்த காலுறை நனைந்துபோனதால் தாண்டுவது கடினமாயிற்று என்று அவர் பின்னர் சொன்னார். அன்று அவர் தாண்டிய உயரம் 1.86 மீட்டர். அடுத்த 1.88 மீட்டரைத் தாண்ட முடியவில்லை. அமெரிக்க வீரர் சாம் கிரூ அதைத் தாண்டித் தங்கம் பெற, மாரியப்பனுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

அதன்பின் மூன்று ஆண்டுகள் சென்றன. 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் அவர் தங்கம் வென்றார். தாண்டிய உயரம் என்ன தெரியுமா? டோக்கியோவில் நழுவிய அதே 1.88 மீட்டர். கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார்; அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். ஏறுவதும் இறங்குவதும் கலந்ததே ஒரு வீரரின் கணக்கு. அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் பெற்ற ஒருவரின் பட்டியலில் கூட, நழுவிய உயரங்களும் இடம் பெற்றிருக்கின்றன.

உதவி கேட்பது தோல்வியா?

போட்டி நேரப் படபடப்பு வேறு. நாள்கணக்கில் நீடிக்கும் மனச் சோர்வு வேறு. இரண்டையும் பிரித்து அறிய வேண்டும். ஆட்டம் முடிந்தவுடன் படபடப்பு அடங்கிவிடும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் வராமல் போவது, பசி குன்றுவது, விரும்பிய விளையாட்டே வெறுத்துப்போவது, ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் விடாமல் வருவது ஆகியவை இருந்தால், மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிடக் கூடாது. கணுக்கால் வீங்கினால் மருத்துவரிடம் போகிறோம் அல்லவா? இதற்கும் அப்படியே போக வேண்டும்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் குழுப் போட்டியின் நடுவிலேயே விலகினார். காற்றில் சுழலும்போது தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வு அவருக்குத் தப்பிப்போயிருந்தது. இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் ஒன்றரைச் சுற்றோடு இறங்கினார். அந்த நிலையில் தொடர்ந்தால் கழுத்தோ முதுகோ முறிந்திருக்கலாம். அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. சில நாள்களில் திரும்பி வந்து ஒரு வெண்கலம் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். நேரத்தில் நின்று உதவி தேடியதால் அவருடைய விளையாட்டு வாழ்க்கை நீண்டது.

நம் நாட்டில் 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது; தமிழிலும் பேசலாம். பயிற்சியாளர், உடற்கல்வி ஆசிரியர், பெற்றோர், நண்பர் என்று நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால், அறிவுரை கூற அவசரப்படாமல் முழுவதும் கேளுங்கள். கேட்பதே பாதி உதவி. உங்கள் வயதினருக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பதையும் மறவாதீர்கள்; போட்டிக்கு முதல் நாள் விழித்திருந்து கவலைப்படுவதை விடத் தூங்குவது எவ்வளவோ மேல்.

இனி உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் உங்கள் தோழன் ஒருவன் கம்பைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தால், அவனைக் கேலி செய்யாமல் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை அவன் பழகும்போது நாலைந்து பேராகப் போய் நின்று பாருங்கள், கைதட்டுங்கள், கொஞ்சம் சத்தமும் போடுங்கள். பார்வைக்குப் பழகட்டும். அதுவும் ஒரு பயிற்சிதான், அதை நீங்களே அவனுக்கு அளிக்கலாம்.